வெள்ளிக்கிழமைத் தாளில் நான் எழுதிய ஒரு வரி

திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தாழ்வாரப் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் நின்றிருந்தார். முழங்கால் வரை செம்மண். கையில் எங்கள் பள்ளியின் வெள்ளிக்கிழமைத் தாள். வியர்வையில் அது துணி மாதிரித் துவண்டிருந்தது.

“இத எழுதுனது யாருங்க?”

“நான்தாங்க” என்றேன்.

சொல்லும்போது சிரித்தேன். அந்தத் தாளை எழுதத் தொடங்கி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு பெற்றோர்கூட அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வேலையைப் போட்டுவிட்டு ஒரு தகப்பன் தாளும் கையுமாக வந்து நிற்கிறாரே, பாராட்டப் போகிறார் என்றே நினைத்தேன். புடவைத் தலைப்பைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

“நான் கனிமொழியோட அப்பா, ஏழுமல. எம் பொண்டாட்டி பத்தாவது பாஸ் பண்ணவ. எங்க கல்யாணப் பத்திரிகையிலேயே பேருக்குப் பின்னால போட்டுக்கீது. பாஸ் பண்ணவ இன்னாத்துக்குங்க மறுபடியும் பத்தாவது பரீட்ச எழுதப் போறா?”

சத்தம் போடவில்லை. தாளைத் திருப்பி, கடைசிப் பத்தியில் விரலை வைத்தார். நகத்திலும் செம்மண் இருந்தது. விரலுக்குக் கீழே என் கையெழுத்து, நான் அழகு பார்த்துப் பார்த்து எழுதிய கையெழுத்து: ‘நான்காம் வகுப்பு கனிமொழியின் தாயார் இம்மாதம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதுகிறார். அவர் வெற்றி பெற ஜெபிப்போம். இவரைப் போல எல்லாத் தாய்மாரும் முன்வர வேண்டும்.’

உள்ளே மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லத் தொடங்கியிருந்தது. அவர் உதடு அசைந்தது தெரிந்தது, என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை.

தாளின் கதை

நான் வேலைக்குச் சேர்ந்த நாளைப் பற்றி இந்தத் தொடரில் சென்ற இதழில் சொன்னேன். திண்டிவனத்துக்கு வெளியே, லுத்தரன் சபை நடத்தும் தொடக்கப்பள்ளி. ஓட்டுக் கட்டடம், ஐந்து வகுப்பு, தலைமை ஆசிரியரோடு சேர்த்து மூன்று பேர். பிள்ளைகளில் முக்கால்வாசி சுற்று ஊர்களின் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். மயிலம் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டு சந்தனத் தலையோடு வந்து நின்று, கண்ணை இறுக மூடி ஆமென் சொல்வார்கள். அதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தாள் வீட்டுக்குப் போகும். மேலே ஒரு வசனம். அதன் கீழே அடுத்த வாரச் செய்தி: எந்த நாள் தடுப்பூசி, எந்த நாள் விடுமுறை. அடுத்து ‘பெற்றோருக்கு’ என்று ஒரு பத்தி. நகம் வெட்டி அனுப்புங்கள், பாக்கெட் தின்பண்டம் வேண்டாம், பிள்ளை படிக்கும்போது டிவியை நிறுத்துங்கள். கடைசியில் ஜெபக் குறிப்பு. பெற்றோர் கையெழுத்திட்டுத் திங்கட்கிழமை திருப்பி அனுப்ப வேண்டும்.

இந்தக் காலத்தில் தாள் எதற்கு, வாட்ஸ்அப்பில் போட்டால் போதாதா என்று சேர்ந்த புதிதில் நான் கேட்டேன். தலைமை ஆசிரியர் கிரேஸ் டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“போனு அப்பன் சட்டப் பையில வேலைக்குப் போய்டும். தாளு புள்ள பையில வூட்டுக்குப் போவும். எழுதறியா நீ? எனக்குக் கை நடுங்குது.”

அன்றிலிருந்து தாள் என்னுடையதாயிற்று. நான் எழுதுவேன், பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் படியெடுப்போம். இயந்திரத்திலிருந்து சூடாக வரும் முதல் தாளை முகர்ந்து பார்ப்பேன். என் எழுத்து நூறு வீட்டுக்குப் போகிறது! எங்கள் குடும்பத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். எனக்குத் தலைகால் புரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

அப்பாக்களின் கையெழுத்து

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வாரம் ‘பெற்றோருக்கு’ பத்தியில் நான் ஒரு புது விதி போட்டிருந்தேன். தாளில் எப்போதும் அம்மாக்கள் மட்டுமே கையெழுத்திடுகிறார்கள், இந்த வாரம் முதல் அப்பாக்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று.

அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. என் அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். சம்பளப் பதிவேட்டில் கட்டைவிரல் ரேகைதான். நான் படிக்கும்போது ரேங்க் கார்டில் ‘தந்தை கையொப்பம்’ என்ற இடத்தில் அவர் பெயரை நானே எழுதிக்கொண்டு போவேன். முதல் தடவை பயமாக இருந்தது. போகப் போக அது அப்பாவின் கையெழுத்தாகவே ஆகிவிட்டது. ஒரு தடவை வேறு மாதிரி எழுதிவிட்டு, “இது உங்கப்பா கையெழுத்தில்லையே” என்று வாத்தியாரிடம் அடிகூட வாங்கினேன்.

ஓர் அப்பா தாளை எடுத்துப் படித்து, யோசித்து, கீழே பெயரெழுதுவதை நான் பார்த்ததே இல்லை. பார்க்க ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் ஏழுமலையைத் தாளின் கடைசி வரி வரைக்கும் படிக்க வைத்தது. அதுவரை கனிமொழியின் தாளில் அவள் அம்மாதான் கையெழுத்திட்டு வந்திருக்கிறார். அந்த வாரமும் அவரே போட்டிருந்தால் அந்த வீட்டில் தாள் அவரோடு நின்றிருக்கும்.

வியாழக்கிழமை ஜெபம்

எங்கள் பள்ளியில் வியாழக்கிழமை ஜெபத்தில் பிள்ளைகளே சொல்லலாம், யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று. ஆட்டுக்கு நொண்டல் சரியாகணும், அண்ணன் கபடியில் ஜெயிக்கணும், அப்பா வண்டி ஸ்டார்ட் ஆகணும். எல்லாவற்றுக்கும் ஜெபிப்போம். நான் அவற்றில் நாலைந்தைத் தேர்ந்து தாளில் எழுதுவேன். எனக்கு முன்னால் கிரேஸ் டீச்சரும் அப்படித்தான் எழுதினார். ஆடும் வண்டியும் வந்த வரையில் அதில் ஒரு தொந்தரவும் இல்லை.

கனிமொழி அதிகம் பேசாத பிள்ளை. அன்று கையைத் தூக்கினாள். “எங்கம்மா பத்தாவது பரீட்ச எழுதுது டீச்சர். பாஸாவணும்.”

மறுநாள் எழுத உட்கார்ந்தபோது ஆட்டையும் வண்டியையும் ஒதுக்கிவிட்டு அந்த ஒன்றை மட்டும் எழுதினேன். கனிமொழியின் அம்மாவைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல செய்திக்கு யாராவது அனுமதி கேட்பார்களா?

அந்தத் திங்கட்கிழமை ஏழுமலை போன பிறகு கனிமொழியைத் தனியாக அழைத்துக் கேட்டேன், இதை வெளியில் சொல்லலாம் என்று அம்மா சொன்னாரா என்று.

“யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லிச்சு.”

“அப்புறம் ஏம்மா சொன்ன?”

“நான் ஆண்டவருகிட்டதான டீச்சர் சொன்னேன்.”

அவளை வகுப்புக்கு அனுப்பினேன்.

‘விளையாட்டாகச் சொன்னது’

ஏழுமலை கேட்டது ஒன்றுதான். அடுத்த வெள்ளிக்கிழமை தாளில், அந்தச் செய்தி தவறு என்று போட வேண்டும். அவர் பங்காளி வீட்டுப் பையன் ஒருவனும் இங்கே இரண்டாம் வகுப்பு படிக்கிறான். அந்த வீட்டுக்கும் தாள் போயிருக்கிறது. அங்கிருக்கும் அவருடைய அண்ணிமார் இருவரும் அதைப் போனில் படமெடுத்து, குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார்கள்.

கிரேஸ் டீச்சர் உடனே சரி என்றார். எனக்கு அது இரண்டாவது அதிர்ச்சி. ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் பத்துக் கட்டளையும் சொல்லிக்கொடுக்கிறவர் அவர்.

“பொய்யாச்சே டீச்சர்” என்றேன்.

“ரூத்து, நீ எழுதுனது உண்மைதான். என்னா ஆச்சு பாத்தியா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் வலித்தது.

மதியம் கனிமொழியின் அம்மா விஜயா வந்தார். முப்பது வயது இருக்கும். சத்துணவு வரிசை முடியும் வரை கைப்பம்புப் பக்கம் நின்றிருந்து, பிறகு என்னிடம் வந்தார். கண் வீங்கியிருந்தது. அடித்தாரா என்று கேட்டேன்.

“சே, அதெல்லாம் கிடையாது. அவுரு அடிக்க மாட்டாரு. கேக்கறாரு டீச்சர், அதான் பேஜாரா கீது. ‘பாஸ் பண்ணவளுக்கு எதுக்குப் பரீட்ச’ன்னு ஒரே கேள்வி. நான் இன்னா பதில் சொல்ல முடியும்?”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். படித்தது எட்டாவது வரைதான். மாப்பிள்ளை வீட்டில் படித்த பெண் கேட்டார்கள் என்று அவர் அப்பா பத்தாவது பாஸ் என்று சொல்லிப் பத்திரிகையிலும் அச்சடித்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு ஊரில் யாருக்கு வங்கிப் படிவம், பென்ஷன் மனு என்றாலும் ஏழுமலை அவர்களைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவாராம், எம் பொண்டாட்டி பத்தாவது, அவ எழுதிக் குடுப்பா என்று.

“சொன்னது பொய்யா இருக்கக் கூடாதுன்னுதான் டீச்சர் படிக்க ஆரம்பிச்சேன். டைலரிங் கிளாஸ்னு சொல்லிட்டு திண்டிவனத்துல டுடோரியலுக்குப் போய்க்கினு இருந்தேன். ஒரு வருசமா. கணக்குதான் வரல, மத்தது எழுதிடுவேன்.”

மணிபர்ஸிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். எட்டாக மடித்து வைத்திருந்தார். முதல் தேர்வுக்குப் பத்து நாள்கூட இல்லை.

“தப்புன்னே போட்டுடுங்க டீச்சர். நான் போகல. போனா ஊரு பாக்கும். பாத்தா தாளு சொன்னது உண்மைன்னு ஆயிடும்ல?”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. ஹால் டிக்கெட்டை அதே மடிப்பில் மடிப்பதிலேயே கவனமாக இருந்தார்.

மல்லாட்டைக் குவியல்

இனிமேல் யாரைப் பற்றி எழுதினாலும் அவர்களிடம் காட்டிவிட்டுத்தான் படியெடுக்க வேண்டும் என்று கிரேஸ் டீச்சர் சொல்லிவிட்டார். எனவே புதன்கிழமை பள்ளி விட்டதும் மறுப்பை எழுதி எடுத்துக்கொண்டு மயிலம் போகும் பஸ்ஸில் ஏறினேன். நாலு வரி எழுத ஆறு தாளைக் கிழித்திருந்தேன்.

அவர்கள் வீட்டு வாசலில் பிடுங்கிப் போட்ட மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடி, இடுப்புயரம் குவிந்திருந்தது. கணவனும் மனைவியும் குவியலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பேச்சு இல்லை. முறத்தில் காய் விழும் சத்தம் மட்டும்தான்.

தாளை நீட்டினேன். இருவர் கையிலும் மண். வெள்ளிக்கிழமைத் தாளைக் கனிமொழி அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவாளாம். அதே பழக்கத்தில் எங்கிருந்தோ ஓடிவந்து என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

“சென்ற வாரம் ஜெபக் குறிப்பில் வெளியான செய்தி, நான்காம் வகுப்பு மாணவி கனிமொழி விளையாட்டாகச் சொன்னது. அது உண்மையல்ல...”

நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள்.

“நான் வெளையாட்டுக்குச் சொல்லலியே டீச்சர்.” அம்மாவிடம் திரும்பினாள். “யம்மா, நீ எழுதறதான? நான் பொய்யா சொன்னேன்?”

இதை நான் எழுதியிருந்தேன். ஒரு பிள்ளையைப் பொய் சொன்னவள் என்று, நூறு வீட்டுக்குப் போகும் தாளில். ஆறு தடவை எழுதியும் அது எனக்கு உறைக்கவில்லை.

விஜயா கையிலிருந்த செடியைக் கீழே வைத்தார்.

“இல்ல கண்ணு. நீ பொய் சொல்லல.” பிறகு குவியலுக்கு மேலாகக் கணவனைப் பார்த்துச் சொன்னார். “நான் எட்டாவதுதாங்க படிச்சேன். எங்கப்பா பொய் சொல்லி என்னக் கட்டிக் குடுத்துட்டாரு.”

ஏழுமலை நிமிரவில்லை. ஒரு செடியை உதறி மண்ணைத் தட்டினார்.

“தெரியும்.”

“இன்னா தெரியும்?”

“எட்டாவதுன்னு தெரியும். கல்யாணமான மறு வருசமே தெரியும். சர்டிபிகேட் ஒங்கம்மா வூட்ல கீதுன்னியே, போய்ப் பாத்தேன். டிரங்குப் பொட்டியில எட்டாவது டி.சி.தான் இருந்துது. இருந்த எடத்துலயே வச்சிட்டு வந்துட்டேன்.”

விஜயா நிம்மதியில் அழப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து நின்றார். மடியிலிருந்த காயெல்லாம் சிதறியது.

“தெரிஞ்சிக்கினேவா இத்தினி வருசமா ஊருல இருக்கற ஃபாரத்தையெல்லாம் கொணாந்து எங்கையில குடுத்தே? ஒவ்வொரு தபாவும் எனக்கு வயித்தக் கலக்கும். தப்பா எழுதிடுவேனோ, மாட்டிக்குவேனோன்னு. தெரியுமாய்யா ஒனக்கு?”

“நீதான் எழுதுனியே. ஒண்ணாவது திரும்பி வந்துச்சா?”

கிண்டலாகச் சொல்லவில்லை. மெய்யாகவே பாராட்டினார்.

“அப்ப பரீட்சையும் எழுதுவேன்ல? இன்னாத்துக்குப் போவாதன்றே?”

“ஊரே சிரிக்கும்டி. அண்ணிங்க ரெண்டு பேரும் இப்பவே கண்ணு காட்டிச் சிரிக்குதுங்க.”

“என்னப் பாத்துதான சிரிக்கறாங்க? சிரிச்சிட்டுப் போறாங்க.”

“ஒன்ன இல்ல, என்னப் பாத்து. பத்தாவது பத்தாவதுன்னு சொல்லிக்கினு திரிஞ்சது நானா நீயா?”

விஜயா மகள் கையிலிருந்த தாளை வாங்கி என்னிடம் நீட்டினார். தாளில் செம்மண் விரல் பதிந்திருந்தது.

“இது வேணாம் டீச்சர். எம் பொண்ணு பேர இதுல போடாதீங்க.”

ஏழுமலை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த செடியை எடுத்தார்.

அந்த வாரத் தாளில் என் பெயரைப் போட்டு இரண்டு வரி எழுதினேன். ஒரு குடும்பத்தின் சொந்தச் செய்தியை அவர்களைக் கேட்காமல் வெளியிட்டது என் தவறு, மன்னிக்க வேண்டும் என்று. உண்மை என்றும் எழுதவில்லை, பொய் என்றும் எழுதவில்லை. கிரேஸ் டீச்சர் படித்துவிட்டு ஜெராக்ஸுக்கு அனுப்பினார். ஜெபக் குறிப்பில் அன்றிலிருந்து நாங்கள் யார் பெயரையும் போடுவதில்லை.

விழுப்புரம்

தேர்வு மையம் விழுப்புரத்தில். முதல் தேர்வன்று அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். விஜயா வருவாரா என்று எனக்குத் தெரியாது. முன்தினம் கனிமொழியிடம் கேட்டதற்கு, “அம்மா படிக்குது, அப்பா பேசல” என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

வாசலில் சீருடைப் பிள்ளைகளின் கூட்டம். தயிர்சாத டப்பாவோடு அம்மாக்கள். அந்தக் கூட்டத்தில் முப்பது வயது முகம் ஒன்றைத் தேடிக்கொண்டு நின்றேன். மணி ஒன்பதேகால் ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று.

ஒரு பைக் வந்து சுவர் ஓரமாக நின்றது. ஓட்டியவர் ஹெல்மெட்டுக்குள்ளே முகம் தெரியாமல் துண்டு சுற்றியிருந்தார். பின்னாலிருந்து விஜயா இறங்கினார். என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார்.

“இவுருதான் இட்டாந்தாரு டீச்சர். பஸ்ஸுல போனா எங்கூரு சனம் பாக்குமாம்.”

இரண்டு பேனாவையும் எழுதிப் பார்த்தாயிற்றா என்று கேட்டேன். தலையாட்டிவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

சுவர் ஓரம் ஏற்கெனவே இன்னொருவர் நின்றிருந்தார், யாரோ ஒரு பிள்ளையின் அப்பா. ஏழுமலை ஹெல்மெட்டைக் கழற்றியதும் பேச்சுக்கு ஆள் கிடைத்தது என்று நெருங்கினார்.

“யாருக்குண்ணே பரீட்ச? பொண்ணுக்கா?”

ஏழுமலை துண்டை அவிழ்க்காமலே சொன்னார். “இல்லபா. வூட்ல எழுதறாங்க. ஏற்கெனவே பாஸ் பண்ணவங்கதான். மார்க்கு கம்மின்னு திரும்ப எழுதறாங்க.”

விஜயா வாசலுக்குள் ஒரு காலை வைத்திருந்தார். அதை வெளியே எடுத்தார். திரும்பி நடந்து வந்தார். பிள்ளைகள் வழிவிட்டார்கள். கணவனைப் பார்க்கவில்லை. கேட்டவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

“இல்லீங்க. நான் எட்டாவது. பத்தாவது இப்பதான் மொத வாட்டி எழுதறேன்.”

சுற்றியிருந்த அம்மாக்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பையன் சிரித்தான். விஜயா திரும்பி, நடந்து, சோதனை போடுகிறவரிடம் ஹால் டிக்கெட்டை எட்டு மடிப்பும் பிரித்துக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

கேட்டவர், “அப்பிடிங்களா, நல்லா எழுதட்டும்” என்று முனகிக்கொண்டே நகர்ந்துவிட்டார். ஏழுமலை அப்படியே நின்றார். நான் அவரைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். மணி அடித்தது. அவர் மெதுவாகத் துண்டை அவிழ்த்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“எத்தினி மணிக்கு வுடுவாங்க?”

“ஒண்ணேகாலுக்கு.”

வெயில் அதற்குள் சுவர் வரை வந்துவிட்டிருந்தது. அவர் பைக்கைத் தள்ளிக்கொண்டுபோய் எதிர்ப்பக்க நிழலில், வாசலுக்கு நேரே நிறுத்தினார்.